காற்று இருக்கிறது, லைனில் இடம் இருக்கிறதா?

நாகர்கோவிலில் பஸ் ஏறி ஆனி, ஆடி மாதங்களில் திருநெல்வேலிக்குப் போனவர்கள், ஆரல்வாய்மொழி தாண்டியதும் ஒருமுறையாவது ஜன்னல் ஷட்டரை இறக்கியிருப்பார்கள். கணவாய்க் காற்று மண்ணை அள்ளி முகத்தில் போடும். முப்பந்தல் வந்துவிட்டால் சாலையின் இரண்டு பக்கமும் காற்றாலைகள்தான். அத்தனையும் சுற்றிக்கொண்டிருக்கும்போது நாலைந்து மட்டும் அசையாமல் நிற்கும். பஸ்ஸில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "இவ்ளோ காத்து அடிக்கு, அந்தக் காத்தாடி மட்டும் ஏன் சும்மா நிக்கு?"

ரிப்பேராக இருக்கலாம். ஆனால் எந்திரம் நன்றாகவே இருந்து, காற்றும் இருந்து, அது உண்டாக்கும் கரண்ட்டை எடுத்துப்போக லைனில் இடம் இல்லாமலும் அது நிற்கலாம். பட்டப்பகலில் சூரியத் தகடுகளுக்கும் இதே கதி வருவதுண்டு. மின்சாரம் என்றாலே நாம் உற்பத்தியைப் பற்றித்தான் பேசுகிறோம். இத்தனை மெகாவாட் பூங்கா, இத்தனை ஏக்கர் என்று செய்தி வரும். அந்தக் கரண்ட் எந்தத் துணை மின்நிலையத்தில் போய்ச் சேரும், அங்கே இடம் இருக்கிறதா என்பது செய்தியில் கடைசி வரிக்குக்கூட வருவதில்லை. ஆனால் ஒரு திட்டம் பிழைப்பதும் முடங்குவதும் பெரும்பாலும் அந்தக் கேள்வியில்தான்.

முதலில் மின் தொகுப்பு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். கிரிட் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். பலர் இதை ஏரி மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள்: ஒரு பக்கம் ஊற்றலாம், இன்னொரு பக்கம் மதகைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம், மிச்சம் தேங்கி நிற்கும் என்று. அப்படி இல்லை. தேக்கி வைக்க அதில் இடமே கிடையாது. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தப் பந்தியில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த நொடியில் என்ன வேண்டுமோ அதை அந்த நொடியில் சமைத்து, அந்த நொடியிலேயே பரிமாற வேண்டும். ஒரு கரண்டி கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

கூடுகிறதா குறைகிறதா என்று காட்டும் நாடித்துடிப்புதான் அதிர்வெண். நம் நாட்டில் அது 50 ஹெர்ட்ஸ். உற்பத்தி குறைந்து தேவை கூடினால் அது இறங்கும், உற்பத்தி மிஞ்சினால் ஏறும். 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பாருங்கள், எவ்வளவு குறுகலான வரப்பு.

இந்த நாடி இப்போது நாடு முழுக்க ஒன்றுதான். முன்பு அப்படி இல்லை. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவே இருண்டதே, நினைவிருக்கிறதா? இரண்டாம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு என்று மூன்று தொகுப்புகளும் சேர்ந்து விழுந்தன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி அது. தெற்கு தப்பியது. தென் மாநிலங்களின் தொகுப்பு அப்போது தனி. இந்தத் துடிப்பைக் கடத்தாத டி.சி. (நேர்மின்சார) இணைப்புகள் வழியாக மட்டுமே மற்றவற்றோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கே.வி. (ஒரு கே.வி. என்றால் ஆயிரம் வோல்ட்) லைன் வழியாகத் தெற்கும் சேர்ந்துகொண்டது. அன்றிலிருந்து கயத்தாறில் சுற்றும் காற்றாலைக்கும் பஞ்சாபில் ஓடும் பம்புசெட்டுக்கும் ஒரே துடிப்பு. புதிதாக ஒரு திட்டம் வந்து தொகுப்பில் கைகோர்க்கிறது என்றால் அது அந்த ஊர் விவகாரம் மட்டும் இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சரி, கைகோர்ப்பது எப்படி?

தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986-இல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் வந்தது. அந்தக் காலத்து எந்திரம் ஒன்றின் திறன் 55 கிலோவாட் அளவுதான். பக்கத்தில் போகிற ஊர் லைனில் அதைக் கோர்த்துவிட்டால் முடிந்தது. இன்றைக்கு வரும் எந்திரம் 3 மெகாவாட். அதாவது பழைய எந்திரம் ஐம்பதுக்கு மேல் சேர்ந்தால்தான் இது ஒன்று. மாநிலத்தில் காற்றாலை மட்டுமே 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஊர் லைன் இதைத் தாங்காது.

ஏன் தாங்காது என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். 2 மெகாவாட் காற்றாலை ஒன்று 690 வோல்ட்டில் கரண்ட் உண்டாக்குகிறது. முழு வேகத்தில் சுற்றும்போது அதிலிருந்து வருவது சுமார் 1,700 ஆம்பியர். வீட்டு மெயின் ஃபியூஸ் 30, 40 ஆம்பியருக்கே எரிந்துவிடும் என்பதை நினைத்துப் பாருங்கள். அதனால்தான் ஒவ்வொரு எந்திரத்தின் காலடியிலும் ஒரு டிரான்ஸ்பார்மர் நிற்கிறது. அது வோல்டேஜை 33 கே.வி.க்கு ஏற்றியதும் அதே 2 மெகாவாட் வெறும் 35 ஆம்பியராகச் சுருங்கிவிடுகிறது. வோல்டேஜ் ஏற ஏற ஆம்பியர் குறையும். ஆம்பியர் குறைந்தால் கம்பி சூடாவது குறையும்.

இப்படி ஐம்பது எந்திரங்கள் சேர்ந்து 100 மெகாவாட் ஆகிறது என்று வையுங்கள். 33 கே.வி.யிலேயே அதைக் கொண்டுபோனால் 1,750 ஆம்பியர். 230 கே.வி.க்கு ஏற்றினால் 250 ஆம்பியர். ஏழில் ஒரு பங்கு. கம்பியில் சூடாகி வீணாவது ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் இழப்பு ஏழில் ஒரு பங்கு இல்லை, நாற்பத்தொன்பதில் ஒரு பங்கு. ஆகவே காட்டுக்குள் சிதறி நிற்கும் எந்திரங்களின் 33 கே.வி. லைன்கள் எல்லாம் ஓரிடத்தில் வந்து கூடும். அதைத் தொழிலில் இருப்பவர்கள் பூலிங் சப்ஸ்டேஷன் என்பார்கள். அங்கே 110 கே.வி. அல்லது 230 கே.வி.க்கு ஏற்றி, தனி லைன் போட்டு, அரசின் துணை மின்நிலையத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பல மாநிலங்களில் 132, 220 என்று இருக்க, நம் பக்கம் மட்டும் 110, 230 என்று ஒரு தனிக்கணக்கு. அதற்கு மேலே 400, 765.

சேர்க்க வேண்டும் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். அங்கேதான் வரிசை தொடங்குகிறது.

விண்ணப்பம் போட இரண்டு வாசல்கள். கரண்ட்டை மாநிலத்துக்குள்ளேயே விற்பதென்றால் பெரும்பாலும் தமிழ்நாடு மின்தொடரமைப்புக் கழகத்தின் வாசல். மாநிலம் தாண்டி விற்பதென்றால் சி.டி.யூ. என்று சொல்லப்படும் மத்திய நிறுவனத்தின் வாசல். இரண்டாவதில் 50 மெகாவாட்டுக்குக் குறைவாகப் பொதுவாக உள்ளே விட மாட்டார்கள். 2022-இல் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த விதிகளின்படி விண்ணப்பக் கட்டணம் 5 லட்சம் ரூபாய், வரி தனி. அப்புறம் 50 லட்சத்துக்கு வங்கி உத்தரவாதம். பிறகு மெகாவாட்டுக்கு 2 லட்சம் வீதம் இன்னொன்று. நிலம் கையில் இருப்பதற்கான பத்திரம், இல்லையென்றால் கரண்ட்டை வாங்கிக்கொள்ள ஆள் இருப்பதற்கான கடிதம், அதுவும் இல்லையென்றால் இன்னும் பெரிய தொகைக்கு உத்தரவாதம்.

கேட்கிற இடத்துக்கே இத்தனை கெடுபிடியா என்று தோன்றும். நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதுதான் காரணம். நிலம் இல்லை, கடன் இல்லை, கட்டும் எண்ணமும் இல்லை. ஆனால் துணை மின்நிலையத்தில் 200 மெகாவாட்டுக்கு ஒரு துண்டு போட்டு வைத்தால் பிறகு யாருக்காவது கைமாற்றலாம். உண்மையாகவே ஏற வந்தவர் நின்றுகொண்டே போக வேண்டியதுதான். இந்தத் துண்டு போடும் பழக்கம் நமக்கு மட்டும் உரியது இல்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல். அமெரிக்காவில் 2023 கடைசியில் இணைப்புக்காக வரிசையில் நின்ற திட்டங்களின் மொத்தம் ஏறத்தாழ 2,600 கிகாவாட், அதாவது 26 லட்சம் மெகாவாட். அந்த நாட்டில் ஓடிக்கொண்டிருக்கும் எல்லா மின் நிலையங்களையும் சேர்த்தால் வருவதைப்போல இரண்டு மடங்கு. முதலில் வந்தவருக்கு முதலிடம் என்பதைக் கைவிட்டு, முதலில் தயாரானவருக்கு முதலிடம் என்று அங்கே 2023 ஜூலையில் விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

துண்டு போட்டவர்களைக் கழித்த பிறகு உண்மையான கேள்வி வரும்: உங்கள் 100 மெகாவாட் வந்தால் தொகுப்பு தாங்குமா? இதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பார்கள். லோடு ஃப்ளோ ஸ்டடி என்று பெயர். கரண்டுக்கு ஒப்பந்தம் தெரியாது. நான் கோயம்புத்தூர் ஆலைக்கு விற்றிருக்கிறேன், அங்கே மட்டும் போ என்று அதற்குச் சொல்ல முடியாது. எந்தெந்தப் பாதை எளிதோ அத்தனையிலும் பிரிந்து ஓடும். ஆகவே கயத்தாறில் ஒன்றைச் சேர்த்தால் மதுரைப் பக்கம் ஒரு லைன் சூடாகலாம்.

கற்பனையாக ஒரு துணை மின்நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே 315 எம்.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் இரண்டு இருக்கின்றன (எம்.வி.ஏ. என்பதை இந்தக் கணக்குக்கு மெகாவாட் என்றே வைத்துக்கொள்ளுங்கள்). கூட்டினால் 630. ஏற்கெனவே 250 மெகாவாட் வந்து சேர்கிறது. நீங்கள் 100 மெகாவாட்டோடு போகிறீர்கள். தாராளமாக இடம் இருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இன்ஜினியர் கணக்கு வேறு. ஒரு டிரான்ஸ்பார்மர் திடீரென்று ட்ரிப் ஆனால் மிச்சமிருக்கும் ஒன்று முழுச் சுமையையும் தாங்க வேண்டும். அப்படிப் பார்த்தால் அந்த நிலையத்தின் கொள்ளளவு 630 இல்லை, 315. உங்களையும் சேர்த்தால் 350. இடம் இல்லை. மூன்றாவது டிரான்ஸ்பார்மர் வரட்டும், பிறகு வாருங்கள். எப்போதும் ஒன்று போனாலும் மற்றவை நிற்க வேண்டும் என்ற இந்தப் பிடிவாதத்துக்கு 'என் மைனஸ் ஒன்' (N-1) என்று பெயர். இது புரிந்துவிட்டால் மின் தொகுப்பைப் பற்றிப் பாதி புரிந்தமாதிரி. பார்வைக்குச் சும்மா கிடக்கிற லைன் பல நேரம் வீணாகக் கிடக்கவில்லை, பக்கத்து லைன் விழும் நொடிக்காகக் காத்திருக்கிறது.

இந்தக் கணக்கைச் சாதாரண நாளுக்குப் போட்டுப் பார்த்தால் போதாது. காற்று உச்சத்தில் வீசும் ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை, ஆலைகள் லீவு, முந்தின நாள் மழை பெய்ததால் பம்புசெட்டும் ஓடவில்லை. அப்படிப்பட்ட நாளுக்குப் போட வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் கடைசியில் "பே காலி இருக்கா?" என்று ஒரு கேள்வி நிற்கும். துணை மின்நிலையத்தின் வேலிக்குள் ஒரு லைன் வந்து இறங்கத் தேவையான பிரேக்கர், ஐசொலேட்டர், அளக்கும் கருவிகள் எல்லாம் சேர்ந்த ஒரு பத்திக்குத்தான் பே என்று பெயர். அதற்கு நிஜமாகவே தரையில் இடம் வேண்டும். டிரான்ஸ்பார்மரில் கொள்ளளவு இருந்து, சரளைக்கல் பரப்பிய அந்த வளாகத்தில் இன்னொரு பத்திக்கு இடம் இல்லாமல் திட்டம் நின்றதும் உண்டு.

இனி லைன். இங்கேதான் காலம் ஓடும். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை 2016-இல் சுமார் எட்டே மாதத்தில் கட்டி முடித்தார்கள். பக்கத்திலேயே 400 கே.வி. துணை மின்நிலையம் அமைந்ததால் அது நடந்தது. எல்லாருக்கும் அப்படி அமையாது. தகடு பதிப்பது ஒரு வேலிக்குள் நடக்கிற வேலை. லைன் அப்படி இல்லை, நூறு கிராமங்களைத் தாண்டி வர வேண்டும். ஒரு 400 கே.வி. லைனுக்கு 46 மீட்டர் அகலத்துக்குத் தடம் வேண்டும். நிலம் விவசாயி பெயரிலேயே இருக்கும், ஆனால் அந்த அகலத்துக்குள் தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது, விற்கப் போனால் விலை படியாது. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் தந்த அதிகாரத்தை வைத்துத்தான் இத்தனை காலம் டவர் நட்டார்கள்.

சத்தீஸ்கரின் ராய்கரில் இருந்து நம் புகளூர் வரை 1,765 கிலோமீட்டருக்கு 800 கே.வி. டி.சி. லைன் வந்தது. 6,000 மெகாவாட் கொண்டுவரக்கூடியது. அது உட்பட உயர்மின் கோபுரத் திட்டங்களை எதிர்த்து 2018 கடைசியில் கொங்கு மாவட்டங்களில் விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மின் நிலையம் வந்த ஊரில் குத்தகைப் பணமாவது கிடைக்கும். நடுவில் டவர் வாங்கியவருக்கு மிஞ்சுவது மழைக்காலத்தில் தலைக்கு மேல் கேட்கும் இரைச்சல்தான். 2015-இன் மத்திய வழிகாட்டுதல் டவர் அடிநிலத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதமும், கம்பி போகும் தடத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதமும் இழப்பீடாகச் சொன்னது. 2024 ஜூனில் அது 200 சதவீதம், 30 சதவீதம் என்று உயர்ந்தது. எதிர்ப்பு இல்லாமல் இந்த எண்கள் மாறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆக, மின் நிலையம் ஓராண்டு, லைன் மூன்று நான்கு ஆண்டு. இந்த இடைவெளியை முன்கூட்டியே லைன் போட்டு நிரப்பலாம் என்று வந்ததுதான் பசுமை மின்வழித்தடத் திட்டம். தேனி மாவட்டம் தப்பகுண்டு 400 கே.வி. துணை மின்நிலையம் அந்த வகையில் வந்தது. ஆனால் முன்கூட்டிப் போடுவதிலும் சூதாட்டம் இருக்கிறது. காற்றாலைக்கான லைன் மே முதல் செப்டம்பர் வரை நிரம்பி வழியும், மற்ற மாதங்களில் பாதி காலியாகக் கிடக்கும். அதன் செலவு நம் எல்லாருடைய பில்லிலும் வருகிறது.

லைன் வந்தது. இனி எந்திரத்தின் நடத்தையைப் பார்ப்பார்கள். தொகுப்பில் எங்கோ ஒரு மரம் கம்பியில் விழுந்தால் வோல்டேஜ் ஒரு கணம் பாதாளத்துக்குப் போய் மீளும். பழைய காற்றாலைகள் அப்போது பயந்து கழன்றுகொள்ளும். ஒன்றிரண்டு கழன்றால் பரவாயில்லை. ஆயிரம் மெகாவாட் ஒரே நேரத்தில் கழன்றால்? அதனால் வோல்டேஜ் 15 சதவீதத்துக்கு இறங்கினாலும் 0.3 நொடி தாக்குப்பிடிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவில் புயல் டவர்களைச் சாய்த்தது. வோல்டேஜ் அடுத்தடுத்துப் பல முறை இறங்கியது. இத்தனை முறைக்கு மேல் இறங்கினால் விலகிவிடு என்று சில காற்றாலைகளின் மென்பொருளில் எழுதி வைத்திருந்தார்கள். 7 நொடிக்குள் 456 மெகாவாட் காணாமல் போனது. பக்கத்து மாநிலத்தில் இருந்து வரும் லைன் அந்தச் சுமையைத் தாங்காமல் அறுத்துக்கொள்ள, மாநிலமே இருண்டது. எந்திரம் எதுவும் கெட்டுப்போகவில்லை. எல்லாம் சொன்ன சொல் கேட்டுத்தான் நடந்தன.

புது நிலையத்தை முதல் முறை சார்ஜ் செய்யும், அதாவது அதற்குள் கரண்ட்டை விடும் நாளைப் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். நான் பார்த்த ஒன்று தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சின்ன நிலையம். புது டிரான்ஸ்பார்மருக்குச் சந்தனம் குங்குமம், வாசலில் எலுமிச்சை. பத்திருபது பேர் சரளைக்கல்லில் நிற்க, கன்ட்ரோல் ரூமில் ஒருவர் மட்டும் போனில். அந்தப் பக்கம், தொகுப்பில் உற்பத்தியையும் தேவையையும் சரிக்கட்டும் மின்சுமை பகுப்பு மையம். அங்கிருந்து ஒரு எண் சொல்வார்கள், இவர் அதை லாக் புக்கில் நேரத்தோடு எழுதித் திருப்பிச் சொல்வார். அந்த எண் இல்லாமல் சுவிட்சில் கை வைக்கக்கூடாது. பிரேக்கர் டமாரென்ற சத்தத்தோடு இணைந்தது. ஒரு நொடி கழித்து டிரான்ஸ்பார்மர் அடித்தொண்டையில் முனக ஆரம்பித்தது. யாரும் கை தட்டவில்லை. எல்லாரும் அந்த முனகல் சீராக இருக்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஒரு நாள் முழுக்கச் சுமை ஏற்றாமல் அப்படியே விட்டார்கள். அதற்குப் பிறகுதான் எந்திரங்கள் ஒவ்வொன்றாக.

சேர்ந்த பிறகும் எல்லா நேரமும் கொட்டலாம் என்றில்லை. ஒரு நாளைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக, 96 துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு தருவேன் என்று முன்னதாகவே சொல்ல வேண்டும். காற்றிடம் கேட்டா சொல்ல முடியும்? கணித்துத்தான் சொல்ல வேண்டும், தவறினால் அபராதம். காற்றும் சூரியனும் கட்டாயம் வாங்கப்பட வேண்டியவை என்று விதி இருந்தாலும், தொகுப்புக்கு ஆபத்து என்றால் குறைக்கச் சொல்லும் அதிகாரம் பகுப்பு மையத்துக்கு உண்டு. மிஞ்சியதைத் தண்ணீராக மேலே ஏற்றி வைக்கக் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் இருக்கிறது. குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு வேலை நடக்கிறது. இன்னொரு வழி, காற்றாலையின் அதே லைனில் சூரியத் தகடுகளையும் கோர்ப்பது. ஒன்று ஓயும் நேரத்தில் மற்றது அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். புது லைனுக்காக நான்கு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை.

அந்த பஸ் கேள்விக்கு வருவோம். அடுத்த முறை முப்பந்தலைத் தாண்டும்போது கவனியுங்கள். நடுவில் ஒரே ஒரு காத்தாடி நின்றால் அது பெரும்பாலும் ரிப்பேர், மேலே ஆள் ஏறியிருக்கக்கூடும். ஒரு வரிசை முழுக்க, இறக்கையைக் காற்றுக்கு விளிம்பு காட்டித் திருப்பி வைத்துக்கொண்டு ஒன்றுபோல நின்றால், ஒன்று அந்த வரிசையின் கரண்ட்டை எடுத்துப்போகும் ஃபீடர் லைன் ட்ரிப் ஆகியிருக்கும், இல்லையென்றால் எங்கோ ஒரு கன்ட்ரோல் ரூமில் இருந்து போன் வந்திருக்கும்.